நெகட்டிவ் எங்கே?

1990-இல் கிளாஸ்கோவில், ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவித் தரும் கடையொன்றில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் இருந்த காலம். மெஷினைக் கடையின் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு பக்கத்தால் படச்சுருள் உள்ளே போகும். மறுபக்கத்தால் நெகட்டிவ் காய்ந்து வெளியே வரும். அதை அடுத்த மெஷினில் கொடுத்து, ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து, கூட்டவோ குறைக்கவோ ஒரு பட்டனை அழுத்துவதுதான் என் வேலை.

திங்கட்கிழமைகளில் வருகிற சுருள்களில் பாதிக்கு மேல் மலைநடை போனவர்களுடையவை. ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கோடை காலத்தில் மலை ஏறாவிட்டால் நித்திரை வராது. அந்தப் படங்களில் வானம்தான் அதிகம் இருக்கும். வானம் கூடிய படத்தை மெஷினின் போக்குக்கு விட்டால், அது வானத்தைச் சாம்பலாக்கி, மலையையும் மனிதரையும் கரியாக்கிவிடும். ஆகவே வானம் உள்ள படங்களில் கை எப்போதும் பட்டனில் இருக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வயதான அம்மா. இருட்டறையில் வேலை பழகி வந்தவர். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமும் வானத்தைப் பற்றியதுதான். வானத்தில் புள்ளி ஒன்று தெரிந்தால் வாடிக்கையாளரோடு வாதாடாதே, நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடி. நெகட்டிவின் மேல் தூசி இருந்தால் பிரதியில் புள்ளி வெள்ளையாக வரும். படம் எடுக்கும்போதே கமராவுக்குள் தூசி இருந்திருந்தால் புள்ளி கறுப்பாக வரும். உண்மையிலேயே வானத்தில் ஒரு பறவையோ விமானமோ இருந்திருந்தால் அதன் விளிம்பு வேறு மாதிரி இருக்கும். நெகட்டிவைப் பார்த்தால் மூன்றையும் பிரித்துவிடலாம். பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவுசெய்ய முடியாது.

அந்த வருடம் ஓகஸ்ட் 4, சனிக்கிழமை. ஈராக் குவைத்துக்குள் புகுந்து இரண்டு நாள். கடையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு ஒன்பது மணியளவில், எங்களுக்கு வடக்கே பேர்த்ஷயரில், பிட்லொக்ரிக்கும் அப்பால், ஏ9 நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் கல்வைன் என்ற சின்னக் கிராமத்துக்கு அருகில், இரண்டு இளைஞர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் அந்த நேரத்திலும் அங்கே வெளிச்சம் இருக்கும். சாய்சதுர வடிவத்தில் பெரிய பொருளொன்று வானத்தில் அசையாமல் நின்றது என்றும், இராணுவ ஜெட் விமானமொன்று அதைச் சுற்றித் தாழப் பறந்தது என்றும், பத்து நிமிடம் போலக் கழிந்து அந்தப் பொருள் நேர் மேலே ஏறி மறைந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். கையில் கமரா இருந்தது. ஆறு படங்கள் எடுத்தார்கள்.

அந்தப் படங்கள் கிளாஸ்கோவுக்குத்தான் வந்தன, 'டெய்லி ரெக்கோர்ட்' பத்திரிகை அலுவலகத்துக்கு. நான் அன்றாடம் கடையில் பார்க்கிற பத்திரிகை அது. பத்திரிகை படத்தைப் போடவில்லை. அதற்கு முன் அரச விமானப் படையின் கருத்தைக் கேட்போம் என்று, டன்ஃபர்ம்லினுக்குப் பக்கத்தில் பிட்ரீவி கோட்டையில் இருந்த விமானப்படையின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி கிரெய்க் லிண்ட்சேக்கு ஒரு பிரதியை அனுப்பியது. அவர் லண்டனிலுள்ள பாதுகாப்பு அமைச்சுக்குத் தெரிவித்தார். அமைச்சு, நெகட்டிவ்கள் வேண்டும் என்று கேட்டது. பத்திரிகை கொடுத்தது. லிண்ட்சே, படம் எடுத்த இளைஞரோடு தொலைபேசியில் கதைத்து, நடந்ததைக் கேட்டு எழுதியும் வைத்தார். அதற்கு மேல் லண்டன் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பத்திரிகையில் அந்தச் செய்தி வரவேயில்லை.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நான் மெஷினுக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமைச்சு என்ன செய்தது என்பதில் ஒரு பகுதி இன்று எல்லோரும் வாசிக்கும்படி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பறக்கும் தட்டு முறைப்பாடுகளைப் பார்ப்பதற்கென்றே அமைச்சில் ஒரு மேசை இருந்தது. ஆயிரக்கணக்கான கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அந்த மேசையின் கேள்வி ஒன்றே ஒன்று: இதனால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏதும் பாதிப்பு உண்டா? இல்லை என்றால் கோப்பு மூடப்படும். படம் உண்மையா, போலியா, சொன்னவர் நேர்மையானவரா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. 1990 செப்டெம்பரில், பத்திரிகைகள் கேட்டால் அமைச்சர்கள் சொல்வதற்கென்று அதிகாரிகள் குறிப்பொன்று தயாரித்தார்கள். படத்திலுள்ள ஜெட் ஹரியர் ரகம் என்று நம்புகிறோம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஹரியர்கள் பறந்ததாகப் பதிவு இல்லை. பெரிய சாய்சதுரப் பொருளைப் பற்றித் திட்டவட்டமான முடிவுக்கு வரவில்லை. இதுதான் சாரம்.

இந்தக் குறிப்பைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒரு அரசாங்கம் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஹரியரை அடையாளம் காணும் அளவுக்குப் படத்தை நம்பியவர்கள், அந்த ஹரியர் எங்கிருந்து வந்தது என்று தேடியதாக எங்கும் தெரியவில்லை. சொந்த விமானப் படையின் விமானம் அது. பறப்புப் பதிவேட்டில் இல்லையென்றால் இரண்டில் ஒன்று பிழை: பதிவேடு, அல்லது படம் எடுத்த தேதி. மூன்றாவதாக, படமே பொய்யாக இருக்கலாம். இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் விசாரணை. அது நடந்திருந்தால் அந்த இரண்டு இளைஞர்களின் மீது சந்தேகம் இன்றுவரை தொங்கிக்கொண்டிருக்காது.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. பறக்கும் தட்டுகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. அதே ஆண்டுகளில் என்னுடைய படமொன்றும் ஒரு மேசையில் கிடந்தது என்பதுதான் காரணம்.

என்னுடைய அகதிக் கோரிக்கைக் கோப்பில் படங்கள் சில இருந்தன. 1987-இல் ஷெல் விழுந்த பிறகு எங்கள் வீட்டை, யாழ்ப்பாண நகரத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் வந்து எடுத்த படங்கள். கூரை இல்லாத முன்விறாந்தை. கிணற்றடியில் சரிந்து கிடந்த மாமரம். ஒன்றில் என் அண்ணன் நிற்கிறார். நேர்காணலில் அதிகாரி அவற்றை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார். இடிந்த வீடு எல்லா நாட்டிலும் இருக்கிறது, இது உங்களுடையது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். பிறகு கேட்டார், "நெகட்டிவ் எங்கே?"

படம் கழுவுகிற கடையில் வேலைசெய்யும் என்னிடம் அந்தக் கேள்வி. அது நியாயமான கேள்வி என்பது அந்த அறையில் என்னை விட வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் நெகட்டிவ் ஸ்டூடியோவில்தான் இருக்கும். வேண்டுமென்றால் போய், நம்பரைச் சொல்லி, இன்னொரு பிரதி போடுவிக்கலாம். அந்த ஸ்டூடியோ அப்போது இல்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போவதே பெரும்பாடு, கரண்டும் இல்லை. நான் இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். முடிவு எனக்கு எதிராக வந்தது. படங்கள் நம்பத்தகுந்த சான்றாக இல்லை என்று ஒரு வரி இருந்தது. பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. அந்த வரியோடு ஒருவன் எப்படி வாழ்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு கொழும்பில் இருந்த சின்னம்மா, அந்தப் படங்களில் ஒன்றின் இன்னொரு பிரதியைத் தன் அல்பத்திலிருந்து எடுத்து அனுப்பினா. அதன் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும், பென்சிலால் எழுதிய தேதியும், நெகட்டிவின் நம்பரும் இருந்தன. என் சட்டத்தரணி மேன்முறையீட்டில் படத்தைத் திருப்பிப் பிடித்து அந்தப் பின்புறத்தைத்தான் காட்டினார். அது ஏற்கப்பட்டது. நான் இங்கே இருக்கிறேன்.

கல்வைன் படங்களைப் பற்றி நான் முதலில் வாசித்தது 1996-இல், நிக் போப் எழுதிய புத்தகத்தில். 1991 முதல் 1994 வரை அமைச்சின் அந்த மேசையில் இருந்தவர் அவர். தான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகச் சுவரில் அந்தப் படத்தின் பெரிதாக்கிய பிரதி தொங்கியது என்றும், பிற்பாடு மேலதிகாரி ஒருவர் அதைக் கழற்றிக்கொண்டு போனார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். லிண்ட்சேயும் லண்டன் போனபோது சுவரில் அதைக் கண்டதாகச் சொன்னார்.

அதே 1996 ஜூலையில் மார்ட்டின் ரெட்மண்ட் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் பாராளுமன்றத்தில் கல்வைனைப் பற்றிக் கேள்வி கேட்டார். பாதுகாப்புத் துறையின் இணை அமைச்சர் நிக்கலஸ் சோம்ஸ் எழுத்தில் பதில் கொடுத்தார். சில நெகட்டிவ்களை வான் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஊழியர்கள் பரிசோதித்தார்கள். பாதுகாப்பு முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று கண்டதால் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. அவற்றிலிருந்து பிரதி ஏதும் போடப்பட்டதாகப் பதிவு இல்லை.

சுவரில் படம் தொங்கியிருக்கிறது. நெகட்டிவிலிருந்து பிரதி போடாமல் சுவரில் எப்படிப் படம் வரும்? பிரதி போடுவது இயற்கையாக நடக்கிற காரியமல்ல. ஒருவர் நெகட்டிவைக் கையுறையோடு எடுத்து, தூசி தட்டி, கருவியில் வைத்து, வெளிச்சத்தின் அளவைத் தீர்மானித்து, தாளை மருந்தில் நனைக்க வேண்டும். நாங்கள் கடையில் கால் பவுண்ட் படத்துக்கும் ஓர் உறையில் பெயர், நம்பர், எத்தனை பிரதி என்று எழுதுவோம். ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சில் அதற்குப் பதிவு இல்லை என்பதை நான் அப்போதும் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. இதை மறைப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மறைப்பதற்கும் ஒரு கவனம் வேண்டும். இங்கே எனக்குத் தெரிவது, யாருக்கும் இது பொறுப்பில்லாமல் போனது. ஆனால் அதன் பலன் மறைத்ததற்குச் சமம்.

ஆறு நெகட்டிவ்கள் என்றால் எவ்வளவு பெறுமதி என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு படத்தை எப்படியும் வாதாடலாம். கிளையில் நூலைக் கட்டித் தொங்கவிட்ட சின்ன அலங்காரப் பொருள் என்று ஒருவர் சொல்லலாம். நீரில் விழுந்த நிழலைத் தலைகீழாகக் காட்டுகிறார்கள் என்று இன்னொருவர். ஆறு படங்கள் இருந்தால் வாதாட்டம் அளவீடாக மாறும். எடுப்பவர் கையில் கமரா கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். கிட்ட இருக்கிற சின்னப் பொருள், பின்னாலுள்ள மலையோடு ஒப்பிட அதிகமாக இடம் மாறும். தூரத்திலுள்ள பெரிய பொருள் அசையவே அசையாது. வேலிக் கம்பியையும் மரத்தையும் வைத்து அந்த இடமாற்றத்தை அளந்தால், பொருள் எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்று ஒரு எல்லைக்குள் சொல்லிவிடலாம். நெகட்டிவ் துண்டின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் நம்பர்கள், எந்தப் படம் முதலில், எது பின்னர் என்று சொல்லும். இடையில் ஒரு படம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். முதல் படத்துக்கு முன் என்ன எடுத்தார்கள்? நூலில் கட்டி ஒத்திகை பார்த்தவன் அந்த ஒத்திகையையும் அதே சுருளில்தான் எடுத்திருப்பான். ஆறு படங்கள் ஒரே துண்டில் அடங்கிவிடும், சட்டைப் பைக்குள் வைக்கலாம். அவ்வளவு சிறிய பொருளைத்தான் தவறவிட்டிருக்கிறார்கள்.

இது சும்மா சொல்கிற கற்பனை இல்லை. நெகட்டிவ் தொலைந்துபோகாத வழக்கொன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1950 மே மாதம், ஒரிகன் மாநிலத்தில் மக்மின்வில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், கணவனும் மனைவியும் தட்டுப் போன்ற பொருளொன்றைக் கண்டு இரண்டு படங்கள் எடுத்தார்கள். சுருள் முடியும்வரை காத்திருந்துதான் கழுவக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை நன்றாகப் புரிகிறது; அந்தக் காலத்தில் ஒருவரும் பாதிச் சுருளைக் கழுவமாட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை போட்டது, பிறகு 'லைஃப்' சஞ்சிகை போட்டது. நெகட்டிவ்கள் அப்போது அவர்களிடம் திரும்பி வரவில்லை. 1966-இல் அமெரிக்க விமானப் படையின் பணத்தில், கொலராடோ பல்கலைக்கழகத்தில், எட்வர்ட் கொண்டன் என்ற பௌதிகவியலாளரின் தலைமையில் பறக்கும் தட்டு ஆய்வு தொடங்கியபோது, ஒரு செய்தி நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து அவற்றைத் தேடி எடுத்தார்கள்.

ஆய்வுக் குழுவில் வில்லியம் ஹார்ட்மன் என்ற வானியலாளர் அந்த வழக்கை எடுத்துக்கொண்டார். அவர் செய்த வேலை எனக்கு ஆசையாக இருக்கிறது. தூரத்துப் பொருள் காற்றிலுள்ள மங்கலால் வெளிறித் தெரியும் என்பது மலைப் படம் பார்த்த எவருக்கும் தெரியும். ஹார்ட்மன் நெகட்டிவில் தட்டின் அடிப்பக்கம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று அளந்து, கிட்டவுள்ள நிழல்களோடு ஒப்பிட்டார். தட்டு ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. உண்மையிலேயே ஏதோ பறந்தது என்ற சாட்சிகளின் கூற்றோடு எல்லாக் காரணிகளும் ஒத்துப்போகின்றன என்று எழுதினார். கொண்டன் அறிக்கை 1969-இல் வந்தது, பொதுவில் பறக்கும் தட்டு ஆய்வால் அறிவியலுக்குப் பெரிய பயனில்லை என்ற முடிவோடு. அதற்குள்ளேயே இந்த ஒரு அத்தியாயம் இப்படி நின்றது. அந்த ஆண்டு இறுதியில் விமானப் படை, பறக்கும் தட்டு முறைப்பாடுகளை ஆராய்ந்துவந்த தன் 'புளூ புக்' திட்டத்தை மூடியது. 12,618 முறைப்பாடுகள், அவற்றில் 701 விளக்கமில்லாதவை.

கதை அங்கே முடியவில்லை. நெகட்டிவ்கள் இருந்தபடியால் மற்றவர்களும் பார்த்தார்கள். மாலையில் எடுத்ததாகச் சொன்ன படத்தில், கராஜின் கூரை ஓரத்து நிழல்கள் காலை வெயிலுக்கு உரியவை என்று ரொபர்ட் ஷேஃபர் காட்டினார். அப்படியானால் சொன்ன நேரம் பிழை. புரூஸ் மக்கபி என்ற ஒளியியலாளர் மறுத்து, நேரத்தையும் தூரத்தையும் திரும்ப அளந்தார். லென்ஸில் அழுக்கு இருந்தால் வெளிச்சம் பரவி ஹார்ட்மனின் கணக்கு மாறும் என்று வாதம் வந்தது. ஹார்ட்மன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்தப் படங்களை இனிச் சான்றாக எடுக்க முடியாது என்றார். 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர், பொருளுக்கு மேலே நூலின் தடம் தெரிகிறது என்று அறிவித்தார்கள். மேலே மின்கம்பி போகிறது என்பதைப் படத்தில் யாரும் காணலாம்.

அந்தத் தம்பதி ஏமாற்றினார்களா? அவர்கள் கடைசிவரை தங்கள் சொல்லை மாற்றவில்லை. எனக்குத் தோன்றுவது, நூல்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஓர் அடிப்படை இருக்கிறது, மறுப்பவருக்கும் இருக்கிறது. அறுபது வருடத்துக்குப் பிறகும் ஒருவர் அந்த நெகட்டிவிலிருந்து வந்த படத்தை எடுத்து இன்னொரு கருவியால் பார்க்க முடிந்தது. கல்வைன் இளைஞர்களுக்கு அந்த வாய்ப்பை யார் பறித்தது?

2009 மார்ச்சில் தேசிய ஆவணக் காப்பகம் பறக்கும் தட்டுக் கோப்புகளின் ஒரு தொகுதியை வெளியிட்டது. அதில் கல்வைன் படம் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, அந்தப் படத்தைப் பார்த்து வரைந்த கோட்டுச் சித்திரம் ஒன்றின் மங்கலான நகல். சாய்சதுரம், சின்ன விமானம், வேலி. படத்தை வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று அதைப் பார்க்கவே தெரிகிறது. ஆக 1996-இல் பாராளுமன்றத்துக்குச் சொன்னது முழுமையான பதில் அல்ல. 2009 முடிவில் அமைச்சு அந்த மேசையையே மூடிவிட்டது. இனி மக்கள் எதைக் கண்டாலும் அங்கே சொல்ல முடியாது.

பிறகு 2022 ஓகஸ்ட். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் டேவிட் கிளார்க் இந்தக் கோப்புகளைப் பல வருடமாகப் பின்தொடர்ந்தவர். அவர் ஓய்வுபெற்ற கிரெய்க் லிண்ட்சேயைத் தேடிக் கண்டுபிடித்தார். 1990-இல் பத்திரிகை அனுப்பிய அந்த ஒரு பிரதியை, விமானங்களைப் பற்றிய புத்தகமொன்றுக்குள் வைத்து லிண்ட்சே முப்பது வருடத்துக்கு மேலாகப் பாதுகாத்திருந்தார். ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்ததாகச் சொன்னார். படம் செய்தித்தாளில் வந்தது.

மருமகன்தான் முதலில் போனில் காட்டினான். "மாமா, இது நீங்கள் எப்பவும் சொல்லுற படம்தானே?" நான் வாசலில் நின்றபடியே நீண்ட நேரம் பார்த்தேன். மேலே இலையோடு கிளை, கீழே முள்வேலி, நடுவில் அந்தச் சாய்சதுரம், பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெட். வானம் முழுவதும் ஒரே சாம்பல். என் கை பழக்கத்தில் பட்டனைத் தேடியது. இந்தப் பிரதியைப் போட்டவர் வானத்துக்காக வெளிச்சம் கொடுத்து நிலத்தை இருட்டாக விட்டிருக்கிறார். பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைத்த, தொழில் தெரிந்த ஒருவரின் முடிவு அது என்று நான் நம்புகிறேன். ஹாலம் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலை கற்பிக்கும் அண்ட்ரூ ரொபின்சன் அந்தப் பிரதியை ஆராய்ந்தார். பிரதி உண்மையானது, இருட்டறையில் வெட்டி ஒட்டியதற்கோ, இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்ததற்கோ அடையாளம் இல்லை, கமராவுக்கு முன்னால் ஏதோ இருந்திருக்கிறது என்பது அவர் முடிவு. அது பெரிய விமானமா, கிளையில் கட்டிய பொம்மையா என்று ஒரு படத்தை வைத்து அவரால் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் நின்றதற்காக அவரை மதிக்கிறேன்.

விளக்கங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் இரகசிய விமானம் என்று ஒரு கூட்டம். நீரில் தெரியும் பாறை, அருகில் படகில் ஒரு மனிதன் என்று இன்னொரு கூட்டம். மூடுபனிக்கு மேலே தெரியும் மலை உச்சி என்று வேறு சிலர். கிளையில் நூலால் கட்டிய பொம்மை என்பதும் உண்டு. எனக்கு இவற்றில் பொம்மைதான் அதிகம் பொருந்துகிறது. பொருளும் வேலியும் ஒரே மாதிரித் தெளிவோடு இருக்கிற விதம் என்னை அந்தப் பக்கம் இழுக்கிறது. மற்ற ஐந்தும் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

அந்தப் பிரதியின் பின்புறத்திலும் எழுத்து இருக்கிறது. பத்திரிகையின் பெயர், படத்துக்கு உரியவரின் பெயர். படம் இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, முன்புறமும் பின்புறமுமாக.

மருமகன் அன்று பின்னேரம் திரும்ப வந்தான். "இஞ்ச பாருங்கோ மாமா" என்று போனை நீட்டினான். அதே வேலி, அதே கிளை, அதே சாய்சதுரம். ஆனால் மூன்று ஜெட்கள், வானத்தில் அந்தி வெளிச்சம். சொல்லி எழுதினால் மெஷினே வரைந்து தருகிறது என்றான். அவனுக்குப் பெருமை. நான் அவனைக் கேட்டேன், "தம்பி, இது எங்கேயிருந்து வந்தது? இதுக்கு முன்னால் என்ன இருந்தது?" அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. தூசி இல்லை, ஓரத்தில் நம்பர் இல்லை, அடுத்த படம் இல்லை. 1990-இல் போலி செய்ய விரும்பியவனும் ஒரு பொருளைச் செய்து, கயிறு கட்டி, மலைக்குக் கொண்டுபோய், நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவனுடைய பொய்க்கும் ஒரு நெகட்டிவ் இருந்தது. அந்தப் பொய்யைப் பிடிக்க முடிந்ததும் அதனால்தான்.

படம் எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வியின் பெறுமதியை அரசாங்கங்கள் உணரத் தொடங்கியிருக்கின்றன என்பது எனக்கு ஆறுதல். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை 2022-இல் பறக்கும் தட்டு முறைப்பாடுகளை ஆராய்வதற்கென்று தனி அலுவலகம் திறந்தது. 2023 செப்டெம்பரில் இதே விஷயத்தை ஆராய்ந்த நாசாவின் சுயாதீனக் குழு, டேவிட் ஸ்பெர்கல் தலைமையில், தன் அறிக்கையை வெளியிட்டது. அளவு திருத்தப்பட்ட கருவிகள் இல்லை, எந்தக் கருவியால், எந்தக் கோணத்தில், எந்த நேரத்தில் பதிந்தது என்ற விபரம் சரியாக இல்லை. அதனால்தான் முடிவுக்கு வர முடியவில்லை என்று அது சொல்லியது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார் என்று சொன்னதைத்தான் அவர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது மிஞ்சியிருப்பது பெயர் விவகாரம். கல்வைன் கோப்பில் உள்ள சாட்சிகளின் தனிப்பட்ட விபரங்களை அமைச்சு இந்த நூற்றாண்டின் எழுபதுகள் வரை மூடிவைத்திருக்கிறது. இதைப் பெரிய சதி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அமைச்சின் பக்கம். ஒரு கோடை இரவில் எதையோ கண்டு, அல்லது விளையாட்டுக்கு எதையோ செய்து, பத்திரிகைக்குக் கொடுத்த ஒரு பையனை, வயதான பிறகு கமராக்கள் வாசலில் நின்று துரத்த வேண்டியதில்லை. கோப்பில் பெயர் இருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வர விரும்பினால் வருவார்கள்.

நெகட்டிவ் வேறு விஷயம். அது யாருடைய அந்தரங்கமும் இல்லை. பத்திரிகை அதை அமைச்சுக்குக் கொடுத்தது என்பதற்குச் சான்று உண்டு. அமைச்சு வைத்துக்கொள்ளவில்லை என்கிறது. வைத்துக்கொள்ளவில்லை என்றால் கொடுத்திருக்க வேண்டும், அல்லது அழித்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு துண்டு இருக்கும். அழித்திருந்தால் அழிக்கச் சொன்னவரின் குறிப்பு இருக்கும். என்னுடைய நெகட்டிவ் இருந்த ஸ்டூடியோவின் மேல் குண்டு விழுந்தது. லண்டனில் அமைச்சின் கட்டடம் அப்படியே நிற்கிறது.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அமைச்சுக்கு எழுதியிருக்கிறேன். பறந்தது என்னவென்று நான் கேட்கவில்லை, பெயர்களையும் கேட்கவில்லை. 1990 ஓகஸ்டுக்கும் 1996 ஜூலைக்கும் இடையில் அந்த ஆறு நெகட்டிவ்களையும் கைமாற்றிய பதிவு, அவற்றைப் பெரிதாக்கிப் பிரதி போடச் சொன்ன வேலைச்சீட்டு, சுவரிலிருந்து கழற்றிய பிரதி போன இடம் ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறேன். சட்டப்படி இருபது வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும்.